பரிசல் படத்தின் இடது ஓரம்

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும். அலுவலகத்தில் ஒரு பாலத்தின் வரைபடத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பிரிவுக்கு ஒரே ஒரு தொலைபேசி, அதுவும் கண்காணிப்பாளர் மேசையில். எனக்கு அழைப்பு என்று அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னார். மறுமுனையில் சேஷாத்ரி. பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு படித்தவன். மந்தைவெளியில் டுடோரியல் நடத்துகிறவன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் நம் புகைப்படக் கூட்டத்துக்கு மாடி அறையைத் தருகிறவன். அத்தனை வருடப் பழக்கத்தில் அவன் என் அலுவலகத்துக்கு ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

"டேய், நம்ம வேலு போயிட்டார்டா," என்றான்.

அவர் வேலை பார்த்த கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டமாம். மேல் தட்டிலிருந்து சேலை எடுக்க ஏணியில் ஏறியவர் பாதியில் இறங்கி, கொஞ்சம் தண்ணீர் கேட்டு, முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் வருவதற்குள் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தெட்டு.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அடுத்த கூட்டத்துக்குப் படம் கொண்டுவரேன்னு சொல்லியிருந்தாரே?" என்று கேட்டேன். துக்கச் செய்தி வந்தவன் கேட்கிற கேள்வியா அது? "ஆமாம், சொல்லியிருந்தார். அதுக்கு இப்போ என்ன?" என்று கேட்டுவிட்டு, சேஷாத்ரி ஃபோனை வைத்துவிட்டான். திரும்பி வந்து பேனாவை எடுத்தேன். பாலத்தின் கைப்பிடிச் சுவர் கோணலாகப் போயிற்று. பிளேடால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

நண்பர்களே, நம் மாதத் தாளில் வேலுவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறீர்கள். ஆனாலும் நான்தான் எழுதுவேன் என்று சேஷாத்ரியிடம் அடம் பிடித்து வாங்கிக்கொண்டேன். ஏழு வருடமாக வேலு ஒரு படம்கூட நமக்குக் காட்டவில்லை. பிலிம் தட்டுப்பாடு என்று அவர் சொன்னார், நாமும் நம்பினோம். நீங்கள் நம்பினீர்கள் என்று சொல்வதுதான் சரி. எனக்குக் காரணம் தெரியும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். சண்முகவேல் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் விற்பனையாளர். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். அறுபதுகளின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சேஷாத்ரியின் மாடி அறை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றார். நாங்கள் எட்டுப் பேரும் செருப்போடுதான் உட்கார்ந்திருந்தோம். "இங்கன எல்லாரும் போட்டாப் படம் கொண்டாந்து பாப்பியன்னு சொன்னாவ. நான் எடுத்ததும் ரெண்டு மூணு இருக்கு," என்றார். கடையின் சேலை அட்டைப்பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார். அதற்குள் மெல்லிய தாளில் சுற்றி, உள்ளங்கை அளவில் நான்கு படங்கள்.

அவரிடம் இருந்தது பன்னிரண்டு படம் எடுக்கிற சாதாரண சதுரக் கேமரா. பொங்கல் வியாபாரம் முடிந்ததும் கடையில் ஒரு வாரம் விடுப்பு தருவார்கள். அந்த ஒரு வாரம் மனைவியோடு எங்காவது ரயிலேறுவார். தஞ்சாவூர், பேலூர், ஹம்பி, அடுத்த வருடம் வேறு ஓர் ஊர். வருடம் ஒரு பயணம், பயணத்துக்கு ஒரு பிலிம் சுருள். நாங்களோ மெரினாவுக்குப் போனாலே இரண்டு சுருள் தீர்த்துவிட்டு வருகிறவர்கள். "ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மேல எடுக்க மாட்டேன் சார். மூணாவது எடுத்தா கண்ணுக்குச் சோம்பேறித்தனம் வந்துரும்," என்பார். நாங்கள் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் படங்களில் ஒரு குறை இருந்தது. குறை என்று நான் அன்று நினைத்தேன். எந்தப் படமானாலும் இடது ஓரத்தில் ஏதாவது ஒன்று நுழைந்திருக்கும். கோபுரம் எடுத்தால் ஒரு குடையின் பாதி. தேர்ச்சக்கரம் எடுத்தால் ஒரு துணிப்பை. கடற்கரை எடுத்தால் ஒரு முழங்கை. "வேலு, உங்க கேமராவுக்கு எடது பக்கம் மட்டும் ஜலதோஷம் பிடிச்சிருக்கு ஓய், ஒழுகிண்டே இருக்கு," என்று சேஷாத்ரி ஒருநாள் சொன்னான். அறையே சிரித்தது. வேலு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது அங்கன இருந்துச்சு சார். போன்னு எப்படிச் சொல்ல?" என்றார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வரைவாளன். நாள் முழுக்க அளவுகோலோடு குடித்தனம் நடத்துகிறவன். ஒரு கோடு அரை நூல் தள்ளி இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்தக் காலத்தில் கூட்டத்துக்கு நான் ஒரு கறுப்பு உறையில் இரண்டு அட்டைகள் கொண்டுவருவேன். இரண்டும் ஆங்கில எல் எழுத்து வடிவத்தில் வெட்டியவை. யார் படம் மேசைக்கு வந்தாலும் அதன்மேல் அந்த இரண்டு அட்டைகளையும் எதிரெதிராக வைத்து, இப்படியும் அப்படியும் நகர்த்தி, வேண்டாததை மறைத்துக் காட்டுவேன். சாதாரணப் படம் ஒன்று திடீரென்று அழகாகிவிடும். "ஆகா" என்பார்கள். அந்த "ஆகா"வுக்காகவே மாதம் முழுக்கக் காத்திருப்பேன். எனக்கு அட்டைக்காரர் என்று பெயரே வைத்திருந்தீர்கள். உள்ளூர எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஹம்பிக்குப் போய்வந்த வருடம் வேலு அந்தப் பரிசல் படத்தைக் கொண்டுவந்தார். துங்கபத்திரை. காற்றே இல்லாத காலைநேரம். கண்ணாடிபோல் தண்ணீர். நடுவே ஆளில்லாத ஒரு பரிசல், தன் நிழலின்மேல் சும்மா நிற்கிறது. பின்னால் பாறைகள். உள்ளங்கைப் படத்திலேயே தெரிந்துவிட்டது, இது எங்கள் யாருக்கும் வாய்க்காத படம் என்று. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். நெகட்டிவை வாங்கிக்கொண்டு போய், என் வீட்டுச் சாமான் அறையில் நானே பெரிதாக்கிப் பிரதி எடுத்துத் தந்தேன்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பெரிய பிரதி மேசைக்கு வந்தது. இடது ஓரத்தில் வழக்கம்போல ஒன்று. இந்தத் தடவை ஒரு பெண். முழங்கால் ஆழத்தில், கையில் செருப்போடு, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் அட்டைகளை எடுத்தேன். இடது பக்கத்து அட்டையை மூன்று விரல் அகலம் உள்ளே தள்ளினேன். பெண் மறைந்தாள். பரிசலும் தண்ணீரும் மட்டும். அன்றைக்கு வந்தமாதிரி ஒரு "ஆகா" அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

வேலுவும் தலையை ஆட்டினார். "நல்லாத்தான் இருக்கு சார். அட்டைய எடுத்துட்டா பழையபடி ஆயிரும்லா?" என்று கேட்டார். "ஆயிடும், ஆயிடும்," என்றேன்.

அந்த வருடம்தான் நாம் முதன்முதலாகக் கண்காட்சி வைத்தோம். தி. நகரில் ஒரு படிப்பகத்தின் மாடிக்கூடம். பரிசல் படத்தை வைக்கலாமா என்று வேலுவிடம் கேட்டோம். உடனே சரி சொல்வார் என்று பார்த்தால், "வீட்டுல கேட்டுச் சொல்லுதேன் சார்," என்றார். இதற்குமா வீட்டில் கேட்பார்கள் என்று கேலி செய்தோம். பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போனார். அடுத்த வாரம் என் வீட்டுக்கே வந்து கொடுத்தார். "சரின்னுட்டாவ சார்," என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. எனக்கு அது ஒரு விசேஷமாகவே படவில்லை.

படங்களுக்குச் சட்டம் போடுகிற பொறுப்பு என்னுடையது. மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் கண்ணியப்பன் என்று ஒருவர் சட்டம் போடுவார். பரிசல் படத்தைக் கொடுத்து, இடது ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, அதோடு வெட்டிவிடுங்கள் என்றேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா சார், அந்தம்மா சோக்கா சிரிச்சிக்கினு கீது. அத்தப் போயி வெட்டச் சொல்றியே?"

"அது படத்தைக் கெடுக்குதுப்பா."

"எனுக்கு மனசு வரல. நீயே வெட்டிக்க சார். சட்டம் மட்டும் நான் போட்டுத் தர்றேன்."

சட்டம் போடுகிறவருக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கடைப் பலகையின் மேலேயே அளவுகோலை வைத்து பிளேடால் ஓர் இழு. மூன்று விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கீழே விழுந்தது. கோடு மிகச் சரியாக இருந்தது. அந்தத் துண்டில் இருந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

வேலுவிடம் கேட்டேனா? கேட்கவில்லை. அவர்தான் அட்டை வைத்தபோது தலையாட்டிவிட்டாரே என்று எனக்கு நானே சமாதானம் வைத்திருந்தேன். அட்டைக்கும் பிளேடுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? அட்டையை எடுத்துவிடலாம் என்பதால்தானே அவர் தலையாட்டினார்.

கண்காட்சிக்கு வெளியூரிலிருந்து பெரியவர் ஒருவர் நடுவராக வந்திருந்தார். சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவர் பரிசல் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். தண்ணீரில் இடது பக்கத்திலிருந்து மெல்லிய வளையங்கள் பரவி வந்து பரிசலைத் தொடுகின்றன. "இந்த வளையங்கள் எங்கிருந்து வருகின்றன? தெரியவில்லையே. அதுதான் இந்தப் படம்," என்றார். முதல் பரிசு அதற்கே. எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலு பக்கத்தில் நின்றார். அப்போதுதான் அவர் படத்தைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பரிசு கிடைத்த பதற்றம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஓர் அம்மாள் வந்தார். அரக்கு நிறப் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. முகத்தில் சின்ன வயதில் அம்மை போட்ட தழும்புகள். வாசலிலிருந்து நேராகப் பரிசல் படத்துக்கு வந்து நின்றார். பின்னால் எங்கோ வேலு கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். பரிசு பெற்ற படத்தை ஒருவர் இவ்வளவு நேரம் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்குமா? பக்கத்தில் போய் விளக்க ஆரம்பித்தேன்.

"இந்தப் படம் முதல்ல இப்படி இல்லம்மா. இந்தப் பக்கம் ஓரத்துல யாரோ ஒரு பொம்பளை நின்னுட்டு இருந்துது. பல்லைக் காட்டிக்கிட்டு. மொத்தப் படத்தையும் கெடுத்துது. நான்தான் வெட்டி எறிஞ்சேன். இப்ப பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு படத்தின் இடது ஓரத்தைப் பார்த்தார். "அப்படியா சார்," என்றார். "இப்ப நல்லா இருக்கு."

நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். அதற்குள் வேலு வந்துவிட்டார். "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று அவரை அழைத்துக்கொண்டு படியிறங்கினார்.

டீக்கடையில் வைத்து சேஷாத்ரிதான் சொன்னான். "ஏண்டா, அந்த மாமி யாருன்னு தெரியுமோ நோக்கு? வேலு ஆத்துக்காரி. நீ வெட்டினது அவளத்தான். மூஞ்சியில தழும்புன்னு கல்யாணத்துலகூடத் தலையத் தூக்கலையாம் போட்டோவுக்கு. இது ஒண்ணுதான் அவளாச் சிரிச்சுண்டு நின்னது. செவத்துல மாட்டலாமான்னு கேட்டுண்டு போய், அவ சரின்னு சொல்லி, இன்னிக்குப் பாக்கறதுக்குன்னே பட்டுப் பொடவை கட்டிண்டு வந்திருக்கா." காலையில்தான் வேலு அவனிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். டீ ஆறிப்போய்க் கையிலேயே இருந்தது.

அன்றைக்கே பின்னால் ஓடியிருக்க வேண்டும். பஸ் நிறுத்தம் நூறு அடி தூரம்கூட இல்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் மன்னிப்பும் அப்படித்தான் ஆயிற்று.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வேலு வருவாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தார். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லார் படங்களையும் பார்த்தார், நல்லதை நல்லது என்றார். சட்டம் போட்ட பரிசல் படத்தை அவரிடம் நீட்டினேன். "உங்ககிட்டயே இருக்கட்டும் சார்," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் கையில் சேலைப்பெட்டி இல்லை என்பதை நான் மட்டும் கவனித்தேன். அதற்குப் பிறகு அவர் அதைக் கொண்டுவரவேயில்லை.

நானும் அட்டைகளைக் கொண்டுவருவதை நிறுத்தினேன். கண் சரியில்லை என்று உங்களிடம் சாக்குச் சொன்னேன். கண்ணாடி மாற்றிக்கொள்ளும்படி நீங்களும் சொன்னீர்கள்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவர் கடைக்கே போனேன். சொல்லிவிட்டுத்தான் திரும்புவது என்று உறுதி. சேலைப் பிரிவில் அவர் என்னைப் பார்த்ததும், "வாங்க சார், வாங்க! வீட்டுல அக்காவுக்கா?" என்று நாற்காலி போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒன்று, இரண்டு, பத்து என்று விரித்துப் போட ஆரம்பித்துவிட்டார். மெத்தை விரிப்பின்மேல் வண்ணம் வண்ணமாக ஒரு மலை. "உடலப் பாக்காதிய சார், கரையப் பாருங்க. சேலைக்குக் கரைதான் முகம். கரைய எடுத்துட்டா அது வெறும் துணி," என்றார். வாடிக்கையாளர்கள் எல்லாரிடமும் சொல்கிற வார்த்தைதான். குத்திக்காட்டுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் எனக்கு உட்கார முடியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனவன் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சேலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி அதை ஒவ்வொரு விசேஷத்துக்கும் கட்டுகிறாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

இன்னொரு தடவை அடையாறு முகத்துவாரத்துக்குப் பறவைகள் எடுக்க எல்லாருமாகப் போனோமே, நினைவிருக்கும். வேலுவும் தோளில் கேமராவோடு வந்தார். உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் நாங்கள் சேற்றில் இறங்கி அடித்துப்பிடித்து எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் கேமராவைத் தூக்கிப் பார்ப்பார், இறக்குவார், உறையை மூடுவார். "பிலிம் இல்லையா வேலு?" என்றேன். "கெடைக்க மாட்டேங்குது சார்," என்றார். என் மைத்துனன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சுருள் ஒன்று என் பையில் இருந்தது. அதை அவர் கையில் வைத்து மூடினேன். சொல்ல வேண்டியதற்குப் பதிலாக அதைக் கொடுத்தேன் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "எதுக்கு சார் இதெல்லாம்," என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தியில் நான் மறுபடி பறவைகளிடம் போனேன்.

இந்த வருடம் ஆனி மாதக் கூட்டம் முடிந்து எல்லாரும் படியிறங்கும்போது வேலு என்னை நிறுத்தினார். "அடுத்த கூட்டத்துக்கு ஒரு படம் கொண்டாரேன் சார்," என்றார். "அட்டைய மறக்காம எடுத்துட்டு வாங்க," என்று சேர்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எதற்காகச் சிரித்தார்? ஒரு மாதம் முழுக்க அதையே யோசித்தேன். அலமாரியில் அட்டைகளைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தேன். இந்தத் தடவை அவர் என்ன சொன்னாலும், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அந்தக் கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் சேஷாத்ரியின் ஃபோன் வந்தது.

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது எனக்காகவே சொன்ன பழமொழி. காரியங்கள் முடிந்த மறுநாள் மாம்பலத்தில் அவர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். இரண்டு அறைகள் உள்ள வாடகைப் போர்ஷன். மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அவர் மனைவி சிவகாமி அம்மாள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்று நானும் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"அன்னிக்கு நான் அதை வெட்டியிருக்கக் கூடாதும்மா," என்றேன். ஏழு வருடம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் அது ஒன்றுதான் வந்தது.

அவர் நிதானமாகச் சொன்னார். "வெட்டுனது கூடப் போவுது சார். இப்ப நல்லா இருக்குன்னு நான் சொன்னேம்லா, அதுக்கு நீங்க சிரிச்சுத் தலையாட்டுனிய. அதுதான் ரொம்ப நாளு ஆறல."

மகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"அதுக்கப்புறம் நான் போட்டாவுக்கு நிக்கவே இல்ல. அவியளும் ஊருக்கெல்லாம் கேமராவத் தூக்கிட்டுத்தான் வருவாவ. நான் நிக்காம அவியளுக்கு எடுக்கத் தோணாது." எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு சேலைப்பெட்டியை எடுத்துவந்தார். அதே பெட்டி. மேலாக இருந்தது நான் அடையாற்றில் கொடுத்த பிலிம் சுருள், ஒட்டுப் பிரிக்காமல். "என்னைய எடுக்கணும்னு வச்சிருந்தாவ. நான்தான் பிடி குடுக்கல. அடுத்த வருசம் பாப்போம், அடுத்த வருசம் பாப்போம்னே போயிட்டு," என்றார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நான் கெடுத்தது ஒரு பிரதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஏழு பயணங்களைக் கெடுத்திருக்கிறேன்.

சுருளுக்கு அடியில், மெல்லிய தாளில் சுற்றி, ஒரு பெரிய படம். ஆடிக் கூட்டத்துக்கு அவர் கொண்டுவருவதாக இருந்தது அதுதான். மகள் பேறுகாலத்துக்கு வந்திருந்தபோது பழைய பரிசல் படத்தின் சின்னப் பிரதியைப் பார்த்துவிட்டு, அம்மா இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லையே என்று சொல்லியிருக்கிறாள். அதன்பிறகு வேலு மனைவியிடம் மறுபடி கேட்டாராம், உன்னை அந்த சாருக்குக் காட்டட்டுமா என்று. இந்தத் தடவையும் சரி என்றிருக்கிறார். நெகட்டிவை எடுத்துக்கொண்டு போய் மயிலாப்பூரில் ஒரு ஸ்டூடியோவில் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறார். முழுப் படத்தை அல்ல.

தாளைப் பிரித்தேன். படம் முழுக்க சிவகாமி அம்மாள். முழங்கால் தண்ணீரில், கையில் செருப்போடு, வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கி, வாய்விட்டுச் சிரிக்கிறார். தழும்புகள் எல்லாம் தெரிகின்றன. அத்தனை பெரிதாக்கியதில் படம் மணல்மணலாக இருக்கிறது, கூர்மையும் இல்லை. அவர் காலடியிலிருந்து வளையங்கள் கிளம்பிப் போகின்றன. வலது ஓரத்தில், போனால் போகிறது என்பதுபோல, பாதிப் பரிசல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில் உட்கார்ந்து சிரித்தேன். சிவகாமி அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அந்தப் பரிசலப் பாத்துட்டு நீங்க என்ன சொல்லுவியன்னு நெனச்சு நெனச்சு ஒரு வாரமாச் சிரிச்சாவ சார். 'இப்ப அட்டைய எங்க வைக்கார்னு பாப்போம்'னாவ."

ஆக, அவர் என்னை எப்போதோ மன்னித்துவிட்டார். மன்னித்ததோடு விடாமல் ஒரு கேலியும் தயார் செய்து வைத்திருந்தார். அந்தக் கேலியை அவர் வாயால் கேட்டு, எல்லார் முன்னாலும் நான் அசடு வழிந்து, அவர் சிரிப்பதைப் பார்த்திருந்தால் என் பாரம் இறங்கியிருக்கும். இரண்டு நாளில் அது தவறிப்போயிற்று. இரண்டு நாள் என்று சொல்வதும் ஏமாற்றுத்தான். ஏழு வருடமாக எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் என்னால் பேசியிருக்க முடியும்.

படத்தை நம் கூட்டத்தில் ஒருநாள் வைக்கலாமா என்று கேட்டேன். அவர் தாளைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "வேற யாரு கையிலயும் குடுக்க மாட்டேன் சார். நானே எடுத்துட்டு வாரேன்," என்றார். அதில் 'வேறு யார்' என்பது நான்தான். அவர் சொன்னது முற்றிலும் நியாயம்.

ஆகவே நண்பர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அனைவரும் தவறாமல் வந்துவிடுங்கள். செருப்பை வாசலில் கழற்றிவிடுங்கள். மூன்றாவது பெஞ்சில் சிவகாமி அம்மாள் உட்காருவார். படம் மணல்மணலாக இருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும். அட்டைகளை நான் கொண்டுவர மாட்டேன்.

வேலுவின் நினைவாக என்னிடம் இருப்பது அவர் வாங்கிக்கொள்ளாமல் விட்ட அந்தப் பரிசுப் படம்தான். இத்தனை வருடம் அலமாரியில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன். நேற்று எடுத்துக் கூடத்தில் மாட்டினேன். இடது ஓரத்திலிருந்து வளையங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பிளேடால் அவற்றை வெட்ட முடியவில்லை. காப்பி கொண்டுவந்த என் மனைவி அதன் முன்னால் நின்று, அன்று நடுவர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்: இது எங்கேருந்து வருது? அன்று வேலு என் பக்கத்தில் நிற்க, விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று சொன்னேன். தண்ணீரில் ஓர் அம்மாள் தானாகவே இறங்கி நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக, "இப்ப எடுங்க" என்று சிரித்தார், அங்கிருந்து வருகிறது.